ஆல்ப்ஸில் 9 நாள்: மலைக்காட்சியோடு வரலாறும் ஊர் வாழ்க்கையும் சேர்த்துப் பார்க்க வழி சொல்லுங்கள்

தென்பரங்குன்று:
வணக்கம். செப்டம்பர் நடுவில் நான், மனைவி, அப்பா, 11 வயது மகள் நாலு பேரும் ஆல்ப்ஸ் போகிறோம். மொத்தம் 9 நாள். பயண முகவர் ஒரு திட்டம் அனுப்பியிருந்தார். 5 ஊர், 3 சிகரம், ஒரு சாக்லேட் கடை, தினமும் காலை 7 மணிக்குப் பேருந்து. அப்பா பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த மலையில யாருப்பா குடியிருந்தாங்க? அதைப் பத்தி இதுல ஒரு வரி கூட இல்லையே?”

அதற்கு அப்புறம் அந்தத் திட்டத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பனிமலையும் பார்க்க வேண்டும், அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. சுத்த சைவம், முட்டையும் இல்லை. கார் ஓட்டப் போவதில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணவாய்க்காற்று:
உங்கள் அப்பா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். காட்சிக்கு இரண்டு நாள், வரலாற்றுக்கு இரண்டு நாள் என்று பிரிக்க வேண்டாம். ஒரு கணவாய்ப் பாதையை எடுத்துக்கொண்டு, அதில் மெதுவாகப் போங்கள். ஆல்ப்ஸில் மனிதர்கள் நடந்த வழி எல்லாமே கணவாய் வழிதான். கோயில், கோட்டை, மொழி, சாப்பாடு எல்லாம் அந்த வழியோரத்தில்தான் இருக்கின்றன.

நான் இரண்டு முறை போன வழி இது. ஸ்விட்சர்லாந்தின் கிழக்கு மாநிலமான கிரவ்புண்டனில் கூர் என்ற ஊரில் தொடங்கி, எங்கடின் பள்ளத்தாக்கு வழியாக முஷ்டைர் போய், அங்கிருந்து எல்லை தாண்டி இத்தாலியின் தென் டிரோலில் போல்சானோவில் முடிப்பது. நேர்க்கோட்டில் பார்த்தால் சின்னத் தொலைவுதான். ஆனால் ஜெர்மன், ரொமான்ஷ், இத்தாலியன் என்று மூன்று மொழிகள் காதில் விழும்.

கூரிலிருந்து ஏறும் ஆல்புலா ரயில்பாதை 1903இல் திறக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியான பெர்னினா பாதை 1910இல் முடிந்தது. இரண்டும் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆயின. ஃபிலிசூருக்கு முன்னால் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள், அதுவும் வில்லாக வளைந்த பாலம். பாலம் முடியும் இடத்தில் செங்குத்துப் பாறை. ரயில் நேராக அந்தப் பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைந்துவிடும். அடியிலிருந்து சாரம் கட்டாமல், தூண் உயர உயர பாரந்தூக்கியை மேலேற்றிக் கல் அடுக்கிய பாலம் அது. கல்லும் பக்கத்து மலைக் கல்தான், அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் மலையே நீண்டு வந்து பாலமானது மாதிரி இருக்கும்.

அப்புறம் பெர்கியூனுக்கும் பிரேடாவுக்கும் இடையில் ரயில் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அதற்காக மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கொஞ்ச நேரத்துக்கு முன் வலப்பக்கம் பார்த்த தேவாலயம் இடப்பக்கம் தெரியும், மறுபடி வலப்பக்கம் தெரியும், ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே. உங்கள் மகளை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

எங்கடினில் பொன்ட்ரெசினாவில் மூன்று இரவு தங்குங்கள். அங்கிருந்து மோர்தராட்ச் பனியாறு பக்கத்தில். ரயில் நிலையத்திலிருந்து பனியாற்றை நோக்கிச் சமமான பாதை போகிறது. வழியெங்கும் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் பனியாற்றின் நுனி அந்த இடத்தில் இருந்தது என்று பொருள். நான் பிறந்த ஆண்டுப் பலகையைத் தாண்டி, பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் தாண்டி நடந்தேன். பனி இன்னும் எங்கோ தூரத்தில் இருந்தது. அந்தப் பாதையில் நடந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

நாலாவது நாள் முஷ்டைர். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பெட்டிபடுக்கை:
கணவாய்க்காற்று சார் எழுதியது அருமை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. நம் ஊரிலிருந்து ஆல்ப்ஸ் போவது பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை. ரயிலிலேயே பனிவரை ஏறக்கூடிய யுங்ஃபிராவ் மலையைப் பார்க்காமல் திரும்பினால் “அங்க போயும் அதைப் பாக்கலையா?” என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் அம்மாவை அழைத்துப் போனேன். 3,454 மீட்டர் உயரத்தில் பனியில் கால் வைத்தபோது அம்மா அழுதுவிட்டார். வரலாறு இல்லாத இடம் என்று அதையும் ஒதுக்கிவிட முடியாது. 1896இல் தோண்டத் தொடங்கி 16 ஆண்டு ஐகர் மலைக்குள் பாறையைக் குடைந்து 1912இல் திறந்த ரயில் அது.

கணவாய்க்காற்று:
உங்கள் அம்மா அழுத அந்த நிமிடத்தை எந்த அருங்காட்சியகமும் தராது நண்பரே, முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். யுங்ஃபிராவ் ரயில் பெரிய சாதனைதான். நான் சொல்வது 9 நாளுக்குள் எத்தனை இடம் என்பது பற்றி மட்டும்தான். அங்கிருந்து முஷ்டைர் வரை இழுத்தால் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும். இந்த வழியிலும் பனிச்சிகரம் உண்டு. பெர்னினா ரயில் பல்சக்கரம் இல்லாமல் 2,253 மீட்டர் வரை ஏறும். அங்கே ஜன்னலுக்கு வெளியே லாகோ பியாங்கோ ஏரி, எதிரே பனியாறு. முதியவர்களுக்கு அந்த உயரம் யுங்ஃபிராவ் அளவுக்குச் சிரமம் தராது. அப்பாவுக்கு இதயத் தொந்தரவு ஏதாவது இருந்தால் எதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முஷ்டைர். ஊர்ப்பெயரே லத்தீனில் மடத்தைக் குறிக்கும் ‘மொனாஸ்டீரியம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மடம் ஒன்று 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே இருக்கிறது. முதலில் ஆண் துறவிகள் இருந்தார்கள், 12ஆம் நூற்றாண்டிலிருந்து அது கன்னியர் மடம். பேரரசர் சார்ல்மேன் கணவாயில் பனிப்புயலிலிருந்து தப்பியதற்கு நன்றியாகக் கட்டியது என்பது ஊரார் சொல்லும் கதை. தேவாலயத்தின் உள்சுவர் முழுக்க ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓவியங்கள். பிற்காலத்தில் அவற்றின் மேல் வேறு ஓவியம் தீட்டி, அதற்கும் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். 1947க்கும் 1951க்கும் இடையில்தான் மேல்பூச்சைச் சுரண்டி வெளியே கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு மறைத்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான். 1983இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு பெஞ்சில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் வெறும் பழுப்பும் சிவப்பும்தான் தெரியும். அப்புறம் ஒரு கை தெரியும், ஒரு குதிரை தெரியும், ஒரு முகம் தெரியும். பெனடிக்ட் சபைக் கன்னியர் சிலர் இன்றும் அங்கே வாழ்ந்து, வேளை தவறாமல் செபம் சொல்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டாக விளக்கு அணையாத இடம்.

அரும்பின் அம்மா:
நான் 9 வயது மகனோடு போனவள். பெரியவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு முஷ்டைரை விட ஸில்லிஸ் எளிதில் பிடிக்கும். கூருக்குத் தெற்கே, பேருந்தில் போய் வரலாம். சின்ன தேவாலயம், ஆனால் மேற்கூரை முழுக்க 153 மரப்பலகைகளில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். நடுவில் இயேசுவின் கதை, விளிம்பைச் சுற்றிக் கடல். அந்தக் கடலில் மீன்வாலோடு யானை! யானையை நேரில் பார்க்காதவர் வரைந்த யானை. கழுத்து வலிக்காமல் பார்க்கக் கைக்கண்ணாடி கொடுக்கிறார்கள். என் மகன் கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே சுற்றினான். பக்கத்திலேயே வியா மாலா என்ற குறுகிய மலைப்பிளவு. பழைய காலத்தில் வணிகர்கள் அஞ்சி அஞ்சிக் கடந்த வழி. அங்கே படிக்கட்டு நிறைய, தாத்தா மேலேயே நின்றுகொள்ளலாம்.

அப்புறம் கீழ் எங்கடினில் குவார்டா. வீட்டுச் சுவர்களில் ஸ்கிராஃபிட்டோ வேலை. கருமையான பூச்சின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, ஈரம் காய்வதற்குள் கீறிக் கீறி வடிவம் எடுப்பார்கள். கொடி, மீன், சூரியன், சில வீடுகளில் ரொமான்ஷ் மொழியில் ஒரு வாசகம். வழியில் பார்த்த பாட்டி “அல்லேக்ரா” என்றார். அந்தப் பள்ளத்தாக்கின் வணக்கம் அதுதான். திருப்பிச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

சொல்லேருழவன்:
ரொமான்ஷ் பற்றி ஒரு சொல். 1938இல் வாக்கெடுப்பு நடத்தி அதை ஸ்விட்சர்லாந்தின் நாலாவது தேசிய மொழி ஆக்கினார்கள். பேசுபவர்கள் நாட்டில் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. அதற்குள்ளேயே ஐந்து எழுத்து வழக்குகள், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பாடநூல் வேறு. 1982இல் எல்லாருக்கும் பொதுவாக ஓர் எழுத்து வடிவம் உருவாக்கினார்கள். அரசு ஆவணங்களுக்கு அது நிலைத்துவிட்டது. பள்ளியில் கொண்டுவந்தபோது மட்டும் பல ஊர்களில் எதிர்ப்பு, எங்கள் பாட்டி பேசிய மொழியே வேண்டும் என்று. இவ்வளவு சிறிய மொழிக்கு இவ்வளவு உரிமைப்போர் நடப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. ரயிலில் நிலையப் பெயர்களைக் கவனியுங்கள், ஜெர்மன் பெயர் எங்கே முடிந்து ரொமான்ஷ் பெயர் தொடங்குகிறது என்று தெரியும்.

செங்காந்தள்:
போல்சானோவில் ஓட்சி அருங்காட்சியகம் வருமே, மலைப்பனியில் உறைந்து கிடைத்த பழங்கால மனிதரின் உடல் இருக்கும் இடம். எனக்கு ஓர் உறுத்தல் உண்டு, மனம் விட்டுக் கேட்கிறேன். இறந்துபோன ஒரு மனிதரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கக் குழந்தையை அழைத்துப் போவது சரியா? 5,300 ஆண்டுக்கு முந்தையவர் என்றாலும் மனிதர்தானே? அவருக்கும் ஒரு வீடு, ஒரு மனைவி மக்கள் இருந்திருப்பார்களே?

கணவாய்க்காற்று:
அந்த உறுத்தல் நல்லது. எனக்கும் இருந்தது. 1991 செப்டம்பர் 19 அன்று மலையேறிய ஒரு தம்பதி 3,210 மீட்டர் உயரத்தில் அவரைக் கண்டார்கள். அண்மையில் இறந்த மலையேறி என்றுதான் முதலில் நினைத்தார்கள். எல்லையை அளந்து பார்த்தபோது இத்தாலிக்குள் 92 மீட்டர் தள்ளிக் கிடந்திருக்கிறார். இப்போது மைனஸ் 6 பாகைக் குளிரறையில் இருக்கிறார். பார்க்க விடுவது கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் சதுரமான சின்ன ஜன்னல் வழியாக, மங்கிய வெளிச்சத்தில். வேண்டாம் என்றால் அந்த ஜன்னலுக்குப் போகாமலே மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம். முடிவை உங்கள் மகளிடமே விட்டுவிடுங்கள்.

எனக்கு அவருடைய பொருட்கள்தான் மனதில் நின்றன. கரடித்தோல் தொப்பி, உள்ளே புல் திணித்த காலணி, முடிக்காமல் விட்ட வில், செப்புக் கோடரி. அந்தச் செம்பு இன்றைய டஸ்கனிப் பகுதியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே அவ்வளவு தூரம் கைமாறி வந்திருக்கிறது. 2001இல் எடுத்த கதிர்ப்படத்தில் இடது தோளில் கல் அம்புமுனை தெரிந்தது. பின்னாலிருந்து எய்திருக்கிறார்கள். ஆனால் விலைமதிப்புள்ள கோடரியை யாரும் எடுத்துப் போகவில்லை. ஏன் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், இரவு முழுக்கப் பேசுவார்.

மேட்டூர்வாசி:
இந்த வழியில் போகிறவர்கள், முஷ்டைர் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மால்ஸ் ஊரிலிருந்து பேருந்தில் க்ராவுன் போய்ப் பாருங்கள். ரெஷன் ஏரி நடுவில் ஒரு தேவாலய மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும். எல்லாரும் அதை அழகான படமாகத்தான் எடுக்கிறார்கள். அது மூழ்கிய ஊர். மின்சாரத்துக்காக 1950இல் ஏரி மட்டத்தை உயர்த்தியபோது 163 வீடுகள் போயின. பாதிரியார் தலைமையில் ஊரார் ரோம் வரை போய்ப் போப்பாண்டவரிடம் முறையிட்டும் நடக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டை மட்டும் இடிக்காமல் விட்டார்கள்.

எங்கள் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். என் பாட்டி கரையில் நின்று “அதோ அங்கதான் நம்ம வீதி” என்று வெறும் தண்ணீரைக் காட்டுவார். க்ராவுன் கரையில் நின்றபோது எனக்கு அவர் குரல்தான் கேட்டது. படம் எடுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

சொல்லேருழவன்:
மேட்டூர்வாசி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒன்று சேர்க்கிறேன். தென் டிரோல் முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியா. 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குப் போனது. பாசிச ஆட்சியில் ஜெர்மன் பள்ளிகளை மூடினார்கள், ஊர்ப்பெயர்களை இத்தாலியனாக மாற்றினார்கள். வீடுகளில் ஒளித்து வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்றைய தன்னாட்சியும் இருமொழிப் பெயர்ப்பலகையும் அப்புறம் நெடுநாள் போராடிக் கிடைத்தவை.

போல்சானோவில் ஓர் அரசுக் கட்டடத்தின் முகப்பில் முசோலினி குதிரை மேல் இருக்கும் பெரிய புடைப்புச் சிற்பம் இன்னும் உண்டு. அதில் ‘நம்பு, கீழ்ப்படி, போரிடு’ என்ற பொருளில் வாசகம். இடிக்கவில்லை. 2017இல் அதன் மேல் ஒளியெழுத்தில் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட்டின் கூற்றை மூன்று மொழிகளில் வைத்தார்கள்: கீழ்ப்படிய எவருக்கும் உரிமை இல்லை. இருட்டிய பிறகு அப்பாவை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அரும்பின் அம்மா:
சாப்பாடு பற்றி யாருமே எழுதவில்லையே! முட்டையும் இல்லாத சைவம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பீட்சோக்கெரி: ‘பக்வீட்’ மாவில் செய்த பட்டை நூடுல்ஸோடு உருளைக்கிழங்கு, கோஸ், பாலாடைக்கட்டி, வெண்ணெய், பூண்டு. பழைய முறைப்படி முட்டை கிடையாது, இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்னினா ரயில் தெற்கே இறங்கும் போஸ்கியாவோ பக்கம் கிடைக்கும். மாலுன்ஸ்: துருவிய உருளைக்கிழங்கை மாவோடு வெண்ணெயில் நெடுநேரம் வறுத்து, ஆப்பிள் கூழோடு கொடுப்பார்கள். பொலெந்தா நம் களி மாதிரிதான், மக்காச்சோளக் களி. கீரை இலையில் மாவைச் சுருட்டிச் செய்யும் கப்புன்ஸும் பார்லி சூப்பும் சைவம் மாதிரி தெரியும், ஆனால் பெரும்பாலும் உலர்த்திய இறைச்சித் துண்டு போடுவார்கள். தென் டிரோலின் க்னோடல் உருண்டையில் முட்டை உண்டு. மலைப் பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள், அப்பா அதையும் பார்ப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலறை உள்ள வீடு எடுத்தால் பாதிக் கவலை தீரும். பொடி வகைகளும் ஒரு சின்னக் குக்கரும் என்னைக் காப்பாற்றின.

ரயில்பிரியன்:
நடைமுறைக் குறிப்புகள் என்னிடமிருந்து. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெரிய ஜன்னல் வண்டிக்கு இருக்கைக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டியும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், வழியில் இறங்கி ஏறலாம். நான் எப்போதும் அதில்தான். ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் பெற்றோரோடு வரும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இலவச அட்டை கேட்டு வாங்குங்கள்.

எங்கடினில் உள்ள செர்னெட்ஸிலிருந்து ஓஃபன் கணவாய் (2,149 மீட்டர்) வழியாக முஷ்டைருக்கும் மால்ஸுக்கும் மஞ்சள் தபால் பேருந்து போகிறது. 1914இல் தொடங்கிய தேசியப் பூங்கா வழியாகப் போகும் பாதை. கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள். ஒருமுறை மடத்தில் மெய்மறந்து நின்று கடைசி வண்டியை விட்டுவிட்டு, மழையில் அடுத்த கிராமம் வரை நடந்து அறை தேடினேன். முதியவரோடு அது ஆகாது. முஷ்டைர் பள்ளத்தாக்கிலேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

மால்ஸ் போனால் பக்கத்தில் க்ளுர்ன்ஸ், இன்றும் மதில் சூழ்ந்த குட்டி நகரம். 1499 கால்வன் போருக்குப் பின் சூறையாடப்பட்டு, மறுபடி மதில் எழுப்பினார்கள். வாயிலிலிருந்து வாயிலுக்குச் சில நிமிட நடைதான், அப்பாவால் முடியும். அங்கிருந்து போல்சானோவுக்கு மெரான் வழியாக ரயில். அந்தப் பாதையில் மின்மயமாக்கும் வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விட்ட காலம் உண்டு, கிளம்பும் முன் பாருங்கள். தென் டிரோலில் பல விடுதிகள் பொதுப் போக்குவரத்து விருந்தினர் அட்டை தருகின்றன. ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். திரும்ப கூர் போக வேண்டாம், போல்சானோவிலிருந்து மியூனிக் ஏறத்தாழ 4 மணி நேர ரயில்.

தென்பரங்குன்று:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது? அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். முகவர் திட்டத்தை விட்டுவிட்டோம். கூர் 1 இரவு, பொன்ட்ரெசினா 3, முஷ்டைர் 1, மால்ஸ் 1, போல்சானோ 2. ஸில்லிஸ் யானைக்காக மகள் இப்போதே காத்திருக்கிறாள். யுங்ஃபிராவ் இந்த முறை இல்லை. பெட்டிபடுக்கை நண்பர் மன்னிக்க வேண்டும்.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: அந்த ஓட்சி அவ்வளவு உயரத்துக்கு ஏன் போனார்? அங்கே வழி ஏதாவது இருந்ததா?

கணவாய்க்காற்று:
ஏன் போனார் என்பது அவரோடு போய்விட்டது. ஆனால் அந்த உயரத்தில் இன்றும் வழி இருக்கிறது. தெற்கே ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கு மேய்ப்பர்கள் ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு, பனி கிடக்கும் கணவாய்களைத் தாண்டி, வடக்கே ஆஸ்திரியாவின் ஓட்ஸ் பள்ளத்தாக்குப் புல்வெளிகளுக்குப் போகிறார்கள். நாட்டு எல்லை நடுவில் வந்த பிறகும் மேய்ச்சல் உரிமை மாறவில்லை. ஓட்சி கிடந்த இடம் அந்த வழிக்கு மிகப் பக்கம். 2019இல் ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் மூன்று நாட்டு மந்தையோட்டமும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

செப்டம்பர் நடுவில் ஆடுகள் திரும்பி இறங்கும். உங்கள் நாட்களும் அதுதான். ஃபெர்னாக்ட் ஏரிக்கரையில் ஊரே கூடி வரவேற்கும். மெரான் போகும் பாதையில் நாட்டுர்ன்ஸில் இறங்கினால் ஷ்னால்ஸுக்குப் பேருந்து. தேதி வானிலையைப் பொறுத்து மாறும், விடுதிக்காரரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். ஏரிக்கரை சமதரைதான். அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி மட்டும் எடுத்துப் போங்கள்.

தென்பரங்குன்று:
இன்றே எழுதிக் கேட்கிறேன் சார். மடக்கு நாற்காலி வாங்க அப்பா இப்போதே கடைக்குக் கிளம்பிவிட்டார்.